மில் நின்ற முக்கால் மணி நேரம்

என் எதிர்த்தறித் தணிகாவுக்கு,

நீ போன பிறகு வந்த ஏழாவது மாசி மகமும் போன வாரம் முடிந்துவிட்டது. நான் இன்னும் இருக்கிறேன். மூச்சு வாங்கிக்கொண்டு, பார்க்கிறவர்களிடம் எல்லாம் சிடுசிடுத்துக்கொண்டு, முதலியார்பேட்டையில் அதே ஒற்றை அறையில் இருக்கிறேன். கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். மறைந்த தோழர்களைப் பற்றி ஆளுக்கு அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'தோழர் தணிகாசலம் நல்லவர், உழைப்பாளி, சங்கத்தின் தூண்' என்று நாலு வரி எழுதிப் பார்த்தேன். படித்தால் எனக்கே சிரிப்பு வந்தது. நீ சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்டவன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உனக்கே எழுதுகிறேன். அரைப் பக்கத்தில் அடங்காது, அடங்காவிட்டால் போகட்டும்.

உன்னிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று நான் உனக்குச் செய்த துரோகம். அது உனக்கே தெரியும், இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும். இன்னொன்று அஞ்சலை என்னிடம் சொன்னது. அதை உன்னிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று கெஞ்சினாள். செத்தவனிடம் சொல்லாதே என்று ஒருத்தி கெஞ்சி நீ எங்கேயாவது கேட்டிருக்கிறாயா? உன் பெண்டாட்டி கெஞ்சினாள்.

மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நம் தறிப் பேச்சைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மில்லில் தறி ஓடுகிற கூடத்தில் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் குரலை வீட்டில் விட்டுவிட்டு உதட்டை மட்டும் வேலைக்குக் கொண்டுவருவார்கள். உதடு அசைவதைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வோம். நீயும் நானும் பதினெட்டு வருஷம் எதிரெதிரே நின்றோம். நடுவில் ஒரு நடைவழி, இந்தப் பக்கம் என் தறிகள், அந்தப் பக்கம் உன் தறிகள். நீ உதட்டைப் பாதி திறக்கும்போதே மீதி எனக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. போன மாதம் டீக்கடைக்கு எதிரே நின்று இரண்டு பேர் என்னைக் காட்டி, இந்த வருஷம் தாண்ட மாட்டான் என்று பேசிக்கொண்டார்கள். நீங்கள் முதலில் தாண்டுங்கள் என்று இங்கிருந்தே சொன்னேன். டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். சங்கத்தில் இப்போது டி.வி. வைத்திருக்கிறார்கள். சத்தம் சரியில்லை என்று மற்றவர்கள் பெட்டியைத் தட்டும்போது நான் பேசுகிறவர் உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். ஆனால் பாதி நேரம் இந்தி ஓடுகிறது. இந்தி உதடு எனக்குப் பிடிபடவில்லை.

மில் மாதத்தில் பாதி நாள் மூடிக் கிடக்கிறது. நம் தெருவில் யாருக்கும் அந்த இரைச்சல் இல்லாமல் இருக்கத் தெரியவில்லை. எல்லோரும் இன்னும் கத்தித்தான் பேசுகிறார்கள். அஞ்சலை பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறாள். மில் ஓடாத நாளில் வீட்டில் ஒரு நிமிஷம் இருக்க மாட்டாள், விடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஏன் என்று எனக்குப் போன வாரம் வரைக்கும் தெரியாது.

இப்போது அந்த ஆஸ்பத்திரி நாளுக்கு வருகிறேன்.

உன் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் செருகிப் பத்து நாள் ஆகியிருந்தது. குரல் போய்விட்டது. டாக்டர் எழுதிக் காட்டச் சொல்லி சிலேட்டுக் கொடுத்தார். உனக்குக் கை நடுங்கியது, கோடு கோடாகக் கிறுக்கினாய். அஞ்சலைக்கோ படிக்கத் தெரியாது. அப்புறம்தான் எல்லோருக்கும் என் ஞாபகம் வந்தது. தண்ணீர் வேண்டுமா, முதுகு வலிக்கிறதா, எல்லாம் நான்தான் பார்த்துச் சொன்னேன். நர்ஸம்மா என்னை ஏதோ பெரிய படிப்புப் படித்தவன் மாதிரி மரியாதையாக நடத்தினார்கள். நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன், மறைப்பானேன்?

பக்கத்துக் கட்டிலில் ஒரு சொல்தா இருந்தார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். அவருக்கும் நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் வாய் மட்டும் ஓயாது. அன்றைக்கு மத்தியானம் பார்க்க வருகிறவர்கள் நேரத்தில், அஞ்சலை உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தபோது, அவர்தான் அந்தப் பேச்சை எடுத்தார்.

"சாய்கோனுக்குக் கப்பல்ல போறப்ப நாங்க ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்குவோம்" என்றார். "செத்தா எல்லா நெனப்பையும் புடுங்கிக்குவாங்க. ஒன்னே ஒன்ன மட்டும் வெச்சுக்க உடுவாங்க. நீ எத வெச்சுக்குவேன்னு."

அவர் எதை வைத்துக்கொள்வாராம்? சண்டைக்கு நடுவே ஒரு மழைநாளில், பாஷை தெரியாத ஊரில், யாரோ ஒரு அம்மாள் கொடுத்த சூடான சோறாம். பெண்டாட்டி பிள்ளையெல்லாம் அப்புறம்தான் என்று சிரித்தார். அவர் சம்சாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அஞ்சலை உன் பக்கம் திரும்பி, நீ எதை வைத்துக்கொள்வாய் என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் அப்படி உட்கார்ந்து பேசியே வருஷக்கணக்காகியிருந்தது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உன் முகத்தையே பார்த்தாள்.

நீ என்னைப் பார்த்தாய். உதடு அசைந்தது.

"கரெண்ட் போச்சே அன்னிக்கு. அது."

அந்த நாளா என்று நானும் உதட்டாலேயே கேட்டேன். நீ தலையை அசைக்கக்கூட முடியாமல் சொன்னாய்.

"அந்த நாள் இல்ல மச்சான். அந்த முக்கா மணி நேரம் மட்டும். அப்ப எனக்குத் தெரியாது இல்ல? அது போதும்."

தணிகா, அந்த முக்கால் மணி நேரத்தை நான் இங்கே எழுதியாக வேண்டும். உனக்காக இல்லை. நீ எப்படியும் அதிலேயே இருப்பாய். எனக்காக எழுதுகிறேன்.

ஐப்பசி மழை பத்து நாள் கொட்டித் தீர்த்த வாரம் அது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு. நமக்குக் காலை ஷிப்டு. ஒன்பது மணி இருக்கும், எங்கேயோ கம்பி அறுந்து கரெண்ட் போய்விட்டது. அத்தனை தறியும் ஒன்றாக நின்றன. நாம் அந்தக் கூடத்தில் கால் வைத்த நாளிலிருந்து பகலில் இப்படி நின்று பார்த்ததில்லை. முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, இரைச்சல் நின்றுவிட்டது என்றே தெரியாமல் ஆளுக்கு ஆள் கத்தினோம். மேஸ்திரி கொஞ்ச தூரத்தில் இருந்தார். அவரைப் பற்றித் தினமும் உதட்டால் சொல்லும் வார்த்தையை நீ அன்றைக்கு முழுக் குரலில் சொல்லிவிட்டாய்.

கூடமே மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மேஸ்திரியே சிரித்துவிட்டார். அதற்கு அப்புறம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. தறிக்கடியில் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய், விக்கல் எடுக்கிற வரைக்கும் சிரித்தாய். உத்தரத்தில் சிட்டுக்குருவி கத்துவது கேட்டது. இத்தனை வருஷமாகக் குருவி வாயைத் திறந்து திறந்து மூடுவதைத்தான் பார்த்திருக்கிறோம், அதற்குச் சத்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓட்டு மேல் மழை தூறுவது கேட்டது. நீ எழுந்து ஒவ்வொருவன் பெயராகச் சொல்லிக் கூப்பிட்டாய், சும்மாதான், கூப்பிட்டால் கேட்கிறதே என்று. என் பெயரை ஆறு தடவை கூப்பிட்டாய்.

அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பீடியைப் பற்ற வைக்காமல் விரலில் வைத்துக்கொண்டு, செல்வியைப் பற்றிப் பேசினாய். உன் ஒரே பெண், ஆறு வயசு. ஒன்றாம் வகுப்பில் டீச்சரையே எதிர்த்துக் கேள்வி கேட்கிறாளாம். இப்படியே கரெண்ட் வராமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் சந்தோஷமாக இருந்த நேரங்கள் அதிகம் இல்லை தணிகா, அது ஒன்று.

கரெண்ட் வந்தது. தறி ஓடியது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருக்கும், கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஓடிவந்தார். அவருக்கு நம் பேச்சு தெரியாது. உன்னிடம் வராமல் என்னிடம் வந்து தோளைப் பிடித்து உலுக்கி வாயை அகலமாகத் திறந்து திறந்து கத்தினார். செல்வி மழைவெள்ளம் ஓடும் வாய்க்காலில் விழுந்துவிட்டாள், எடுத்துப் போட்டிருக்கிறார்கள், உயிர் இல்லை. உனக்குச் சொல்லச் சொன்னார்.

நான் நிமிர்ந்தேன். நீ நடைவழிக்கு அந்தப் பக்கம் நின்று, என்ன என்று புருவத்தைத் தூக்கினாய். நான் நடந்து வந்து உன் தோளைத் தொட்டிருக்கலாம். வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கலாம். கால் வரவில்லை. அத்தனை வருஷப் பழக்கம், நின்ற இடத்திலிருந்தே உதட்டால் சொல்லிவிட்டேன். உன் பெண் செத்த சேதியை ஒரு சத்தமும் இல்லாமல் எதிர்த்தறியிலிருந்து சொன்னவன் நான். நீ தறியை நிறுத்தாமல் போனாய். உன் தறி ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. குறுக்கு நூல் ஓட்டுகிற நாடா சிக்கித் துணி கிழிந்த பிறகுதான் எனக்கு அதை நிறுத்தத் தோன்றியது.

அதற்குப் பிறகு நீ என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். நான் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் தண்ணீரில் இருந்தாளா? தெருவில் எல்லோரிடமும் கேட்டாய், எத்தனை மணிக்கு விழுந்தாள், யார் பார்த்தது என்று. அஞ்சலையிடம் எத்தனை மணிக்கு வெளியே போனாள் என்று எத்தனை நாள் கேட்டிருப்பாய்! தெரியவில்லை, அடுப்படியில் இருந்தேன், கவனிக்கவில்லை என்பாள். ஒவ்வொரு தடவையும் அதே பதில். கடைசியில் நீ கேட்பதை விட்டாய். அவளோடு பேசுவதையும் அநேகமாக விட்டாய்.

இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ அதே நேரத்தைக் கேட்கிறாய். சாவுக்கு அப்புறம் வைத்துக்கொள்ள ஒரே ஒன்று என்றால் அதுதான் வேண்டும் என்கிறாய். அஞ்சலை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னண்ணே சொல்றாரு?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உன் பெண் செத்த நாளைத்தான் உன் புருஷன் கேட்கிறான் என்றா? அவளை நினைத்து மறைத்தேன் என்றுதான் ஏழு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. அந்த நாளில் நானும் இருக்கிறேன். எதிர்த்தறியில் உதட்டை அசைத்துக்கொண்டு நிற்கிறேன். அதை எடுத்து வெளியே வைக்க எனக்குத் தைரியம் இல்லை. வாய்க்கு எது முதலில் கிடைத்ததோ அதைச் சொன்னேன்.

"மாசி மகத்துக்கு செல்வியத் தோள்ல தூக்கிட்டுப் போனானே, அதுவாம்."

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. வைத்திக்குப்பம் கடற்கரையில் அத்தனை கூட்டம், மயிலத்து முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் வரிசையாக இறங்குகிறார்கள், செல்வி தோள்மேல் உட்கார்ந்து இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு அதட்டுகிறாள், இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று. ஈரப் பாவாடை, மார்பில் இடிக்கிற மணல் ஒட்டின கால். சாமியைக் கடலில் முக்கி எடுப்பதைப் பார்த்து, சாமிக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சலை முந்தானையை வாயில் வைத்து அழுதாள். சொல்தாவே பேச்சை நிறுத்திவிட்டார்.

அந்த வருஷம் மாசி மகத்துக்கு நீ வரவில்லை. இன்னொருத்தனுக்குப் பதிலாக ஷிப்டு பார்க்கப் போயிருந்தாய். செல்வியைத் தூக்கிக்கொண்டு போனது நான். கல்யாணம் காட்சி என்று ஒன்றும் இல்லாத கட்டை, ஆயுசில் ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தது அன்றைக்கு மட்டும்தான். சொல்தா கேட்டபோது என் மனசில் வந்ததும் அதுதான். உன்னுடையதைப் பிடுங்கிக்கொண்டு என்னுடையதை உன் பெயரில் கொடுத்துவிட்டேன்.

உன் காது மந்தமாகியிருந்தாலும் கண் நன்றாக இருந்தது. என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் சொல்லி முடித்ததும் நீ சொன்னாய்.

"அது உன்னோடதுடா."

இப்போது என்ன சொல்கிறார் என்று அஞ்சலை கேட்டாள். ஆமாம் என்கிறான் என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தாய், என்னோடு உதடு அசைக்கவில்லை. தண்ணீர் கேட்கக்கூட இல்லை. கோபமா? அலுப்பா? இல்லை, போனால் போகிறது, அவளுக்கு அதுவாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டாயா? இதை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

நீ போன பிறகு வருஷா வருஷம் அஞ்சலை மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போவாள். படகுகள் ஏற்றி வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மணலில் நிற்பாள். துணைக்கு நான் போவேன். என் புருஷன் எங்கே நின்றார் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு வருஷமும் யோசித்துக்கொண்டே போவேன். அவள் கேட்டதே இல்லை. ஒரு முழம் பூவைக் கடலில் விட்டுவிட்டுப் போகலாம் என்பாள்.

இந்த வருஷம் எனக்கு மணலில் நடக்க முடியவில்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு முட்டுகிறது. படகோரம் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாமிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் கடலைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னிக்கு அவரு வரல அண்ணே. நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்க. கூடவே நான் பொரி வாங்கிட்டு வந்தேனே, மறந்துட்டீங்களா?"

மறந்தேபோயிருந்தேன் தணிகா. பொய் சொன்னவன் அதைக்கூட யோசிக்கவில்லை. அன்றைக்கு அவள் என் பின்னால்தான் நடந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் நான் வாயைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏழு வருஷமாகத் தெரிந்துகொண்டேதான் வந்து நின்றிருக்கிறாள். ஏன் கேட்கவில்லை என்றேன். நீங்கள் சொல்லும்போது உங்கள் முகம் அப்படி இருந்தது, எப்படிக் கேட்பது என்றாள். அதுவும் இல்லாமல், யாருடையதாக இருந்தால் என்ன, அதில் செல்வி இருக்கிறாளே, அதை வைத்துத்தான் இத்தனை நாள் ஓட்டினேன் என்றாள். பிறகு, இப்போதாவது சொல்லுங்கள், அவர் நிஜமாக என்ன சொன்னார் என்று கேட்டாள்.

சொன்னேன். ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். கரெண்ட் போனது, நீ சிரித்தது, விக்கல், குருவி, என் பெயரை ஆறு தடவை கூப்பிட்டது, அப்ப எனக்குத் தெரியாது இல்ல என்று நீ சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்த்தறியிலிருந்து நான் உனக்குச் சேதி சொன்ன விதத்தையும் சொன்னேன். அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மணலில் விரலால் கோடு போட்டாள்.

பிறகு அவள் சொன்னதைத்தான் உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள். உன் கடைசிப் பேச்சை ஒரு தடவை மாற்றிச் சொன்னவன் நான். இன்னொரு தடவை மறைத்தால் எனக்கு நல்ல சாவு வராது. அதனால் சொல்கிறேன், தாங்கிக்கொள்.

"மில்லுச் சத்தம் நின்னுச்சு பாருங்க, அப்ப செல்வி எம் முன்னாடிதான் உக்காந்து பழையது தின்னுட்டிருந்தா" என்றாள். "வாய் நெறயச் சோத்த வெச்சுகினு சிரிக்கிறா. மில்லு நின்னுபோச்சும்மா, அப்பாவுக்கு லீவு உட்டுட்டாங்க, நான் போயி இட்டாரேன்னு எழுந்து ஓடுனா. கையக்கூடக் கழுவல. நான்தான் சரி போன்னேன்."

வாய்க்கால் ஓரமாக மில்லுக்குக் குறுக்கு வழி இருக்கிறதே, அதில்தான் போயிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் மில் மறுபடி இரைய ஆரம்பித்தது. அஞ்சலை கதவோரம் வந்து நின்றாளாம். மில் ஓடிவிட்டது, இனிமேல் அவளே திரும்பிவிடுவாள் என்று நின்றாளாம். மில் நின்றால் இன்றைக்கும் அவள் ஏன் வீட்டில் இருப்பதில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

உன்னிடம் மறைத்ததற்குக் காரணமும் சொன்னாள். உன்னைத் தேடித்தான் போனாள் என்று தெரிந்தால் நீ உயிரோடு இருக்க மாட்டாய் என்று பயந்தாளாம். சரி போ என்றது தான்தான் என்று சொல்லவும் நாக்கு எழவில்லையாம். அதனால் தெரியவில்லை, கவனிக்கவில்லை என்றே சொல்லி வந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே பாயில், அந்த முக்கால் மணி நேரத்தின் ஒரு பாதியை நீ வைத்துக்கொண்டாய், மறுபாதியை அவள் வைத்துக்கொண்டாள். அவள் வாயைத் திறந்திருந்தால் நீ இன்னும் உடைந்திருப்பாயா, இல்லை கொஞ்சம் தூங்கியிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

அவளைப் பார்க்க எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கடைசியில் அழுதது நான்தான். என் அழுகை உனக்குத் தெரியுமே, அழுகையா இருமலா என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குழப்பமாகிவிடும். படகுக்காரர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கிளம்பும்போது அஞ்சலை சொன்னாள்.

"அதையே அவரு எடுத்துகினு போவட்டும். நல்லதத்தான் எடுத்திருக்காரு. செல்வி அவரத் தேடி ஓடுனத மட்டும் அவருகிட்ட சொல்லிடாதீங்கண்ணே."

சொல்லிவிட்டேன். ஆனால் சரியாகக் கேட்டுக்கொள். நீ கேட்ட கேள்விக்கு முழுப் பதில் யாரிடமும் இல்லை. கரெண்ட் வருவதற்கு முன்னால் விழுந்தாளா, வந்த பிறகு விழுந்தாளா என்று எந்தக் கடிகாரமும் சொல்லாது. ஆனால் தறி நின்ற அந்த நிமிஷத்தில், நீ மேஸ்திரியைத் திட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்த அந்த நிமிஷத்தில், உன் பெண் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தாள். மில் நின்றது என்று உனக்கும் சிரிப்பு, அவளுக்கும் சிரிப்பு. இது சத்தியம். பார்த்தவள் சொன்னது.

இதை எழுதி முடித்ததும் அஞ்சலைக்குப் படித்துக் காட்டப்போகிறேன். திட்டுவாள், திட்டட்டும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவள் சரி என்றுவிட்டாள் என்று அர்த்தம்.

என் முறையும் தூரத்தில் இல்லை. சொல்தா கேட்ட கேள்வியை யாராவது என்னிடம் கேட்டால் என்ன சொல்வது என்று முடிவு பண்ணிவிட்டேன். மாசி மகத்தை நான் எடுத்துக்கொண்டு வரவில்லை. அதை அஞ்சலைக்கே விட்டுவிடுகிறேன். அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? அந்தக் கரெண்ட் போன நேரத்துக்குத்தான் நானும் வருகிறேன். அதில் நானும் இருந்தேன், ஆறு தடவை என் பெயரைக் கூப்பிட்டாய், மறுக்க முடியாது.

ஒரு வாக்குத் தருகிறேன் தணிகா. இந்தத் தடவை எதிர்த்தறியில் நின்றுகொண்டு சொல்ல மாட்டேன். நடைவழியைத் தாண்டி உன் பக்கம் வருவேன். உன் தோளில் கை வைத்து, காதோடு, என் குரலில் சொல்வேன்: செல்வி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள்.

உன் எதிர்த்தறிக்காரன்,
செல்வியின் மாமன்,
ஏழுமலை